காத்தாடி நின்றால் கரண்டும் நிற்குமா?

போன வாரம் எங்க அப்பா ஊரிலிருந்து போன் பண்ணினார். "வீட்டு மேல சோலார் போடச் சொல்லி ரெண்டு மூணு பேர் வந்து கேட்டுட்டுப் போறாங்க. அரசாங்கம் மானியமும் தருதாம். போடலாமா? போட்டா கரண்ட் போனாலும் நம்ம வீட்டுல ஃபேன் ஓடும்லா?" என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. "சோலார் போட்டும் கரண்ட் போகும்னா எதுக்குப் போடணும்?" என்று கொஞ்சம் கோபமாவே கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் பதிலை விளக்கப் போய், அது நிலக்கரி, அணு, காற்று, தண்ணீர் என்று எங்கெங்கேயோ போயிடுச்சு. அதையே இந்த வாரப் பகுதியாகப் பேசிடலாம்னு தோணிச்சு.

எங்க ஊர் பணகுடிப் பக்கம் ஒரு கிராமம். திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் சுற்றிலும் காற்றாலைகள் தெரியும். எங்க பக்கத்தில் அதுக்குக் காத்தாடின்னுதான் பேர். 2012ஐ ஞாபகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டில் அது மின்வெட்டு வருஷம். சென்னைக்கு ரெண்டு மணி நேரம் என்றால் எங்களை மாதிரி ஊர்களுக்குப் பாதி நாளுக்கும் மேல கரண்ட் இருக்காது. இட்லிக்கு மாவு ஆட்ட ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்திருப்பாங்க எங்க ஆச்சி. அவங்ககிட்ட ஒரு கணக்கு இருந்தது. காலையில் எழுந்ததும் மாடியில் போய் நின்று காத்தாடிகளைப் பார்ப்பாங்க. சுத்துதுன்னா, "இன்னைக்குக் கொஞ்சம் கரண்ட் இருக்கும், அரிசி ஊறப் போடு" என்பாங்க. அசையாம நின்னா, ஆட்டுக்கல்லைக் கழுவி வைக்கச் சொல்வாங்க.

நான் அப்போ அதை ஆச்சியின் நம்பிக்கை என்றுதான் நினைச்சேன். பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி. அந்த வருஷம் ஜூன், ஜூலையில் காத்து அடிச்சப்போ வெட்டு குறைஞ்சது. அக்டோபர், நவம்பரில் காத்து நின்னதும் வெட்டு மோசமாச்சு. காத்தாடியைப் பார்த்து மாவாட்டுவதை முடிவு பண்ணின ஆச்சி, மின்சார உலகத்தின் மிகப் பெரிய பிரச்சினையை மாடியில் நின்னே பார்த்துட்டாங்க.

இப்போ அடிப்படையிலிருந்து தொடங்குவோம். கொஞ்சம் பொறுமை வேணும்.

பள்ளிப் புத்தகத்தில் எரிசக்தியை ரெண்டாகப் பிரிப்பாங்க. புதுப்பிக்கத்தக்கவை, புதுப்பிக்க இயலாதவை. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, எரிவாயு, எண்ணெய், யுரேனியம் இதெல்லாம் எடுக்க எடுக்கக் குறையும். வெயில், காத்து, ஆத்துத் தண்ணீர், கரும்புச் சக்கை மாதிரியானவை திரும்பத் திரும்பக் கிடைக்கும். பரீட்சைக்கு இது போதும். ஆனா இந்தப் பிரிவினை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்குது: "இது தீருமா, தீராதா?" மின்சாரத்தைப் பொறுத்தவரை அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கு: "கூப்பிட்ட நேரத்துக்கு வருமா, வராதா?" அந்த ரெண்டாவது கேள்வியைச் சொல்லித் தராததால்தான் இவ்வளவு காத்தாடி இருந்தும் ஏன் நிலக்கரி எரிக்கிறாங்கன்னு நமக்குப் புரிவதில்லை.

முதலில், மின்சாரம் எப்படி வருது? ஒரு செம்புக் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் சுழற்றினா அந்தக் கம்பியில் மின்சாரம் ஓடும். 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடிச்சதன் சாரம் இதுதான். அதன் பிறகு வந்த மின் நிலையங்களில் பெரும்பாலானவை ஒரே வேலையைத்தான் செய்யுது. எதையாவது வைத்து அந்தக் காந்தத்தைச் சுத்தணும். அணையிலிருந்து விழுகிற தண்ணீர் சுத்தலாம். காத்து சுத்தலாம். தண்ணியைக் கொதிக்க வைத்து வரும் நீராவி சுத்தலாம். அனல் மின் நிலையம் என்பது அடிப்படையில் ஒரு பிரமாண்டமான இட்லிப் பானை. அணு மின் நிலையமும் அதேதான். அடியில் நிலக்கரிக்குப் பதிலா யுரேனியம் பிளந்து சூடு கொடுக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். இதைச் சொன்னா பல பேருக்கு ஏமாற்றமா இருக்கும். அணுவிலிருந்து நேரடியா மின்சாரம் உருவி எடுக்கிறாங்கன்னு நானும் கல்லூரி போகும் வரை நினைச்சிருந்தேன்.

இதில் சேராத ஒன்று சோலார் பேனல். அதில் எதுவும் சுத்தாது. சிலிக்கான் தகட்டின் மேல் ஒளி பட்டால் அதிலிருக்கும் எலெக்ட்ரான்கள் நகரும், அதுவே மின்சாரம். சுத்துகிற பாகம் இல்லாததால் பழுதும் குறைவு. ஆனா இதிலும் ஒரு குறை இருக்கு, பின்னாடி வரேன்.

நிலக்கரியை எடுத்துக்குவோம். நம் ஊர் அனல் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரியுது. எங்க அப்பா வீட்டில் ரெண்டு மாசத்துக்குச் சுமார் 400 யூனிட் வருது. அது அத்தனையும் நிலக்கரியில் வந்ததுன்னு வைச்சா, 280 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையா எண்ணினா ஐந்தரை மூட்டை. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வாசலில் ஐந்தரை மூட்டைக் கரியை இறக்கி வைத்துட்டு, "இந்தாங்க, இது உங்க வீட்டு லைட்டுக்கும் ஃபேனுக்கும்"னு ஒருத்தர் சொன்னா நமக்கு எப்படி இருக்கும்? நம்ம நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல சாம்பல்தான். அதனால எரிச்ச பிறகு ஏறத்தாழ நூறு கிலோ சாம்பலையும் எங்கேயாவது கொட்டணும். எங்க வீட்டு வாசலில் கொட்டலை, எண்ணூர் கழிமுகத்தில் கொட்டினாங்க. அங்கே மீன் பிடிச்சு வாழ்ந்தவங்க வலையில் சாம்பல் சேறு ஏறின கதையை அந்தப் பகுதி மக்கள் பல வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

1,000 மெகாவாட் அனல் நிலையம் ஒரு நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினா 2.4 கோடி யூனிட். அதுக்கு 16,000 டன்னுக்கு மேல நிலக்கரி வேணும். ஒரு சரக்கு ரயில் சுமார் 4,000 டன் சுமக்கும். அதாவது தினமும் நாலு ரயில். தமிழ்நாட்டில் நல்ல கறுப்பு நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. ஒடிசாவின் தால்சேர் பக்கம் தோண்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலில் ஏறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குது. எங்கேயாவது மழை பெய்து சுரங்கத்தில் தண்ணி நின்னா நமக்கு இங்கே வயித்தைக் கலக்கும்.

நம்மிடம் இருப்பது நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணியோட கறுப்பா ஏதோ வந்ததுன்னு அந்த ஊர்க் கதை தொடங்கும். 1956ல் நிறுவனம், 1962ல் சோவியத் உதவியோட முதல் மின் உற்பத்தி. அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி, அதாவது நிலக்கரி ஆகிறதுக்கு முன்னாடியே நாம் அவசரப்பட்டுத் தோண்டி எடுத்த கரி. ஈரம் அதிகம், சூடு குறைவு. அதைத் தொலைதூரம் தூக்கிப் போக முடியாது, கட்டுப்படி ஆகாது. அதனால் சுரங்கத்தின் வாசலிலேயே மின் நிலையம். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் நகரணும். அந்த நிலத் தகராறு இன்னைக்கும் தீரலை. நெல் விளைகிற நிலத்தைக் கேட்டா யார்தான் சும்மா கொடுப்பாங்க?

இப்படியெல்லாம் சொல்லிட்டு, நிலக்கரியின் ஒரு குணத்தை மறைச்சா நான் நேர்மையா இல்லைன்னு அர்த்தம். நிலக்கரி காத்திருக்கும். முற்றத்தில் குவிச்சு வைச்சா ராத்திரி எரிக்கலாம், மழை நாளில் எரிக்கலாம், காத்து இல்லாத அக்டோபரில் எரிக்கலாம். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி அடிச்ச வெயிலை மண்ணுக்கடியில் சேமிச்சு வைத்த கிடங்கு அது. நாம் காசு கொடுப்பது சூட்டுக்கு மட்டும் இல்லை, அந்தச் சேமிப்புக்கும் சேர்த்துத்தான்.

சரி, காத்துக்கு வருவோம். எங்க ஊர்ப் பெருமையைப் பேசாம எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய சுவர். தென்மேற்குப் பருவக்காத்து அதில் வந்து மோதும். சுவரில் சில இடத்தில் இடைவெளி இருக்கு. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய். ஓட்டை வழியா வர்ற காத்து வேகமெடுக்கும், ஜன்னலை ஒருக்களிச்சு வைத்தா விசில் அடிக்கிற மாதிரி. அதனால்தான் கோவை, திருப்பூர் பக்கமும், தென்காசிப் பக்கமும், எங்க முப்பந்தல் பக்கமும் காத்தாடி. 1986ல் தூத்துக்குடிப் பக்கம் சோதனையா ஆரம்பிச்சது, இன்னைக்கு மாநிலம் முழுக்க 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்குது.

காத்துக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கு. காத்தின் வேகம் ரெண்டு மடங்கானா அதிலிருந்து கிடைக்கக்கூடிய சக்தி ரெண்டு மடங்கு ஆகாது. எட்டு மடங்கு ஆகும். மறுபக்கம் பார்த்தா, வேகம் பாதியாக் குறைஞ்சா சக்தி எட்டில் ஒன்று. நல்ல காத்து நாளில் தமிழ்நாட்டுக் காத்தாடிகள் எல்லாம் சேர்ந்து 5,000 மெகாவாட்டுக்கு மேல கொடுத்திருக்கு. அதே காத்தாடிகள் சீசன் முடிஞ்ச பிறகு சில நாளில் சில நூறு மெகாவாட்டுக்குத் திணறும். ஆச்சி பார்த்தது இதைத்தான்.

இடையில் ஒரு ஆதங்கம். எங்க பக்கம் மிக நல்ல காத்து வீசுகிற இடத்தில் நிற்பது 1990களில் வைத்த குட்டைக் காத்தாடிகள். ஒவ்வொன்றும் 225, 250 கிலோவாட். முதலில் வந்தவங்க நல்ல இடத்தைப் பிடிச்சுட்டாங்க, பஸ்ஸில் துண்டு போட்ட மாதிரி. இப்போ வருகிற ஒரே காத்தாடி அந்த மாதிரிப் பத்து காத்தாடியின் வேலையைச் செய்யும். பழசை எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம்னு பேச்சு ரொம்ப நாளா ஓடுது. நிலம் ஒருத்தர் பேரில், காத்தாடி இன்னொருத்தர் பேரில், கம்பி வழி வேறொருத்தர் நிலத்தில். அதனால மெதுவாத்தான் நகருது.

வெயில் காத்தை விட ஒழுங்கானது. எப்போ வரும், எப்போ போகும்னு பஞ்சாங்கமே சொல்லும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சோலார் பூங்கா வந்தது, அப்போ உலகிலேயே ஒரே இடத்தில் இருந்த மிகப் பெரியவற்றில் ஒன்று. அதுக்குப் பிறகு பேனல் விலை இறங்கின வேகத்தை யாரும் எதிர்பார்க்கலை. இன்னைக்குப் புதுசா ஒரு மின் நிலையம் கட்டணும்னா, பகலில் ஒரு யூனிட் தயாரிக்க மலிவான வழி பெரும்பாலும் சோலார்தான். "பகலில்" என்ற சொல்லைக் கவனிச்சீங்களா? எல்லாச் சிக்கலும் அதில்தான் இருக்கு.

இப்போ அந்த ரெண்டாவது கேள்விக்கு வரலாம். அரிசியை மூட்டை கட்டி வைக்கலாம், தண்ணியைத் தொட்டியில் நிரப்பலாம். மின்கம்பியில் ஓடும் மின்சாரத்தை அப்படி வைக்க முடியாது. நீங்க சுவிட்சைத் தட்டுற அந்த நொடியில் எங்கேயோ ஒரு நிலையம் அந்த அளவுக்குக் கூடுதலா உற்பத்தி பண்ணியாகணும். அதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு, 50 ஹெர்ட்ஸ். நாட்டில் ஓடுகிற பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் கட்டுப்பட்டுச் சுத்துது. பயன்பாடு கூடி உற்பத்தி குறைஞ்சா தாளம் 50க்குக் கீழே இறங்கும். உற்பத்தி மிஞ்சினா மேலே ஏறும். மேடு ஏறும் மாட்டு வண்டியை நினைச்சுக்கோங்க. பாரம் ஏறினா மாடு தளரும், உடனே இன்னொரு மாட்டைப் பூட்டணும். பூட்ட மாடு இல்லைன்னா பாரத்தை இறக்கணும். அந்தப் பாரம் இறக்குவதற்குப் பேர்தான் மின்வெட்டு. ரெண்டும் பண்ணாம விட்டா வண்டியே குடை சாயும். 2012 ஜூலை 30, 31ல் வட இந்தியாவில் அதுதான் நடந்தது. ரெண்டாம் நாள் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிற பகுதியில் கரண்ட் இல்லை.

அந்த இருட்டு நமக்கு வரலை. காரணம் நம்ம சாமர்த்தியம் இல்லை. அப்போ தென் மாநிலங்களின் மின்கட்டமைப்பு மற்ற இந்தியாவோட ஒரே தாளத்தில் இணையவே இல்லை. குறைஞ்ச அளவு மின்சாரம் மட்டும் வந்து போக வழி இருந்தது. அது ஒரு பக்கம் பாதுகாப்பு, இன்னொரு பக்கம் சிறை. நமக்குப் பற்றாக்குறை வந்தா வடக்கிலிருந்து வேண்டிய அளவு வாங்க முடியாது. நம்ம காத்தாடி மிஞ்சினா அங்கே அனுப்பவும் முடியாது. 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே தாளம். பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் தாங்கும் பாதை. அந்த உயர்மின் கோபுரங்கள் மேற்கு மாவட்டங்களில் விவசாய நிலத்தில் இறங்கினப்போ எவ்வளவு போராட்டம்னு செய்திகளில் பார்த்திருப்பீங்க. எங்க ஆச்சி ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய தேவை போனதில் அந்த மாதிரிக் கம்பிகளுக்கும் பங்கு இருக்கு, அந்தக் கம்பிக்கு நிலம் கொடுத்தவருக்கும் பங்கு இருக்கு. அவருக்குக் கிடைச்ச ஈடு போதுமான்னு கேட்டா, போதாதுன்னுதான் நான் சொல்வேன்.

சரி, ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் மோட்டார், கிரைண்டர். மத்தியானம் ஆலைகள், ஏசி. 2024 மே 2ல் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். கோடைப் பகலில் வெயிலும் உச்சத்தில் இருப்பதால் சோலார் கை கொடுக்கும். ஆனா சாயங்காலம் ஐந்தரைக்கு மேல சோலார் சரசரன்னு இறங்கும். அதே நேரம் வீடுகளில் லைட், டிவி, ஏசி ஏறும். ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம். ரெண்டு மூணு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான மெகாவாட்டை வேறெங்கிருந்தாவது கொண்டு வரணும்.

நிலக்கரி நிலையத்தை அப்போ ஆன் பண்ணிக்கலாமேன்னு கேட்கலாம். பண்ண முடியாது. ஆறிப்போன கொதிகலனைத் திரும்பச் சூடேற்றிக் கொண்டு வரப் பல மணி நேரம் ஆகும். அதனால சாயங்காலத் தேவைக்காக அதைப் பகல் முழுக்கக் குறைஞ்ச தணலில், பொதுவா 55 சதவீதம் அளவில், ஓட்டிக்கிட்டே இருக்காங்க. சோறு வடிச்ச பிறகும் ராத்திரிச் சாப்பாட்டுக்காக அடுப்பை அணைக்காம வைக்கிற மாதிரி. பகலில் சோலார் மிஞ்சி நிற்கும்போதும் புகைபோக்கியில் புகை வருவதன் காரணம் இதுதான். அணு மின் நிலையம் இதை விடப் பிடிவாதம். கூடங்குளத்தில் ரெண்டு உலைகள், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். ராத்திரி பகல் ஒரே சீரா ஓடத்தான் அதைக் கட்டியிருக்கு.

கூடங்குளம்னு சொன்ன பிறகு சும்மா கடந்து போக முடியாது. 2012ல் எங்க ஊரிலிருந்து கொஞ்சம் தூரத்தில் இடிந்தகரைப் பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்தாங்க. எங்க வீட்டில் விளக்கு இல்லை. "அது ஓடினா நமக்குக் கரண்ட் வரும்லா"ன்னு தெருவில் ஒரு பாதி, "வெடிச்சா நாமதான் முதல்ல சாவோம்"னு மறுபாதி. 2011ல் ஃபுகுஷிமாவை டிவியில் பார்த்தவங்களிடம் "பயப்படாதீங்க"ன்னு வெறுமனே சொல்றது பதில் ஆகாது. அணுமின்சாரம் பள்ளிப் புத்தகப்படி புதுப்பிக்க இயலாதது. ஆனா நிலக்கரி மாதிரி அதிலிருந்து கரியமில வாயு வராது. கரும்புச் சக்கையை எரிச்சு ஆலைகள் எடுக்கிற மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது, ஆனா புகை வரும். தீராதது எல்லாம் சுத்தம், தீருவது எல்லாம் அழுக்குன்னு கோடு போட முடியாதுன்னு இதிலிருந்தே தெரியுது.

கூப்பிட்டதும் ஓடி வருவது தண்ணீர். மதகைத் திறந்தா சில நிமிஷத்தில் மின்சாரம். பைக்காராவில் 1930களிலிருந்து ஓடிக்கிட்டிருக்கு. குந்தா, மேட்டூர், பெரியார் எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டில் நீர்மின் திறன் சுமார் 2,300 மெகாவாட்தான். புதுசா அணை கட்ட இடமும் இல்லை, தண்ணியும் இல்லை.

ஆனா கோவை மாவட்டத்தில், ஆழியாறுக்கு மேல மலையில், கடம்பாறைன்னு ஒரு நிலையம் இருக்கு. 400 மெகாவாட், 1980களின் கடைசியில் வந்தது. மேலே ஒரு அணை, கீழே ஒரு அணை. மின்சாரம் மிஞ்சும்போது கீழே இருக்கிற தண்ணியை மேலே ஏற்றிடுவாங்க. தட்டுப்பாடு வரும்போது அதே தண்ணியைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பாங்க. ஏற்றச் செலவாகிற மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கு போல நஷ்டம். "நஷ்டம்னா எதுக்குச் செய்யணும்?"னு அப்பா கேட்டார். மத்தியானம் விலை போகாத தக்காளியை வத்தல் போட்டு வைத்து மழைக்காலத்தில் எடுக்கிறோமே, எடை குறையுதேன்னு பார்க்கிறோமா? முன்பெல்லாம் ராத்திரி மிஞ்சினதை வைத்து ஏற்றுவாங்க. இனி மத்தியானச் சோலாரை வைத்து ஏற்றி, சாயங்காலம் இறக்கலாம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்று கட்டிக்கிட்டு இருக்காங்க. பெரிய பெரிய பேட்டரிகளும் வரத் தொடங்கியிருக்கு. என்னைக் கேட்டா, காத்தாடியும் பேனலும் எத்தனை வந்ததுங்கிற செய்தியை விட இந்தச் சேமிப்பு எத்தனை வந்ததுங்கிற செய்தியைத்தான் நான் தேடிப் படிக்கிறேன்.

செய்தின்னதும் ஒரு எச்சரிக்கை. 2025 நடுவில் ஒரு செய்தி வந்தது: இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி இப்போ நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் அல்லாதது. உண்மைதான், பெரிய சாதனையும் கூட. ஆனா நாட்டில் உற்பத்தியாகிற யூனிட்டில் ஏறத்தாழ நாலில் மூணு பங்கு அப்போதும் நிலக்கரியிலிருந்துதான் வந்தது. எப்படி ரெண்டும் உண்மையா இருக்க முடியும்? நிறுவுதிறன் என்பது முழு வேகத்தில் ஓடினா எவ்வளவு கொடுக்கும்ங்கிற கணக்கு. சோலார் ராத்திரி ஓடாது, காலையிலும் மாலையிலும் அரை வேகம். வருஷம் முழுக்கச் சராசரி போட்டா ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் வரும். காத்து கால் பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஊரில் நூறு பேருக்கு வேலை அட்டை இருக்குன்னா நூறு பேரும் தினமும் வேலைக்குப் போறாங்கன்னு அர்த்தம் இல்லையே. மெகாவாட்னு செய்தி வந்தா அட்டை, யூனிட்னு வந்தா வேலை. அப்படிப் படிங்க.

இப்போ அப்பாவின் கேள்விக்கு வரேன். வீட்டு மேல் வைக்கிற சாதாரண சோலார், மின்வாரியக் கம்பியோடு சேர்ந்தே ஓடும். நான் சொன்ன அந்த 50 ஹெர்ட்ஸ் தாளத்தை அதுக்குத் தானாகப் போடத் தெரியாது. கம்பியில் வருகிற தாளத்தைக் கேட்டு அதோட சேர்ந்து பாடும். கம்பியில் கரண்ட் போச்சுன்னா அதுவும் உடனே நின்னுடும், நிற்கணும்னு விதியும் இருக்கு. ஏன்னா, கரண்ட் இல்லைன்னு நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அப்போ உங்க வீட்டுப் பேனல் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளினா ஒரு உயிர் போயிடும். இதைச் சொன்னதும் அப்பாவின் கோபம் அடங்கிச்சு. எங்க தெருவில் அப்படி ஏறுகிற பையனை அவருக்கு நல்லாத் தெரியும்.

கரண்ட் போனாலும் ஓடணும்னா பேட்டரியும் அதுக்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேணும். செலவு நல்லாவே ஏறும். இப்போ எங்க ஊரில் கரண்ட் போவது மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை. ஏற்கெனவே இருக்கிற பழைய இன்வெர்ட்டரே அதுக்குப் போதும்னு சொன்னேன்.

கணக்கு இதுதான். ஒரு கிலோவாட் பேனல் நம்ம பக்கம் நாளைக்கு நாலு யூனிட் போலத் தரும். ரெண்டு கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். அவர் செலவழிப்பது 400. மத்தியானம் மிஞ்சுவது வெளியே போகும், ராத்திரி தேவைப்படுவது உள்ளே வரும், ரெண்டையும் இருவழி மீட்டர் கழிச்சுக்கும். 2024ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் ரெண்டு கிலோவாட்டுக்கு 60,000 மானியம். மூணு கிலோவாட் போட்டா 78,000. கூடுதலா வர்ற மானியத்துக்கு ஆசைப்பட்டுத் தேவையில்லாம மூணு போடச் சொல்லி வர்றவங்க அழுத்துவாங்க. உங்க வீட்டு ஒரு வருஷ பில்லை எடுத்து வைத்துட்டுப் பேசுங்க. முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம்ங்கிறதையும் கழிச்சுட்டு, எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும்னு நீங்களே போட்டுப் பாருங்க, விற்பவர் போட்டுக் காட்டுகிற தாளை நம்ப வேண்டாம்.

நிழலையும் பாருங்க. ஒரு பேனலில் நிழல் விழுந்தா அந்த வரிசையில் இருக்கிற மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். எங்க வீட்டில் சிக்கல் அங்கேதான் நிற்குது. மேற்கு ஓரத்தில் ஆச்சி வைத்த தென்னை, மூணு மணிக்கு மேல பாதி மாடிக்கு நிழல் போடும். "மரத்தை வெட்டினா நல்லது"ன்னு வந்தவர் சொல்லியிருக்கார். அப்பா அவரை டீ கொடுத்து அனுப்பிட்டார். கிழக்கு ஓரமாத் தள்ளி வைத்தா நாலு பேனலுக்கு இடம் வருமான்னு மாடியை அளந்து பார்க்கச் சொல்லியிருக்கேன். ஞாயிற்றுக்கிழமை அளக்கிறாராம். என்ன ஆச்சுன்னு அடுத்த பகுதியில் சொல்றேன்.